மூன்று நாள் தாடி

எங்கள் ரேசர் தொழிற்சாலையின் சோதனை அறையில் முகம் மழித்து முடித்ததும் ஒரு தாளை நிரப்பிக் கொடுக்க வேண்டும். பிளேடு இழுத்ததா, எரிந்ததா, கழுத்தில் எப்படி இருந்தது, தண்ணீரில் அலசியபோது முடி போனதா என்று இருபது கேள்விகள். எல்லாம் பொடி எழுத்து. மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் முகத்து ஈரம் காய்ந்துவிடும். முதல் வாரம் மூன்று நாள் அப்படி உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் போனால் எல்லோருக்குமே தாள் மாறியிருந்தது. கேள்விகளைக் காணோம். ஒரு முகத்தின் படம் மட்டும் இருந்தது. எங்கே எரிந்ததோ அங்கே சிவப்புப் பென்சிலால் தடவ வேண்டும், எங்கே இழுத்ததோ அங்கே நீலம்.

"எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல. உங்க கையெழுத்தெல்லாம் படிச்சு மாளல. அதான் மாத்திட்டேன்" என்று சோதனை நடத்துகிற அம்மா எங்கள் முப்பது பேருக்கும் பொதுவாகச் சொன்னார். முடியின் தடிமனை அளக்கிற கண் அது. அதற்கு என்ன குறை வந்திருக்கப் போகிறது. என் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் சவர ரேசருக்குத் தலை வடிவமைப்பவர் அவர். கைப்பிடியின் நுனியில் மாட்டிக் கழற்றுகிறோமே, பிளேடுகள் பதித்த அந்தச் சின்னத் துண்டு. மாடியில் அலுவலகக்காரர்கள் கார்ட்ரிட்ஜ் என்பார்கள். கீழே பேக்கிங் ஹாலில் நாங்கள் தலை என்றுதான் சொல்வோம். நான் அந்த ஹாலில் தள்ளுவண்டி ஓட்டுகிறவன். அந்த அம்மா வாயைத் திறந்தால் "ஒரு இழை கூடிப்போச்சு", "ஒரு இழை குறைக்கணும்" என்று முடிக்கனக் கணக்குதான் வரும். அதனால் எங்கள் எல்லோருக்கும் அவர் இழையக்கா. வயதில் என்னைவிட ஆறேழு வருடம் சின்னவர்தான். நேரில் நான் மேடம் என்பேன், மனசு இளகினால் அம்மா என்பேன். அவர் என்னை அண்ணா என்பார்.

என்னைச் சோதனைக்குப் பிடித்ததும் அவர்தான். ஒரு நாள் மதியம் சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர், என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

"தப்பா நினைக்காதீங்க அண்ணா. உங்க தாடி ரொம்ப முரடா இருக்கே."

"பிறவியிலேயே அப்படித்தாம்மா. இதை வச்சுப் பாத்திரம் தேய்க்கலாம்னு என் வீட்டுக்காரி சொல்லுவா."

"பாத்திரத்துக்கு வேண்டாம். எனக்குக் குடுங்க" என்றார்.

அன்றிலிருந்து ஐந்து வருடம் என் முகம் அவருக்கு வேலை செய்தது. சோதனை அறையில் எட்டு வாஷ்பேசின், எட்டுக் கண்ணாடி. துண்டில் எண் தைத்திருக்கும். நான் பதினேழு. காலை எட்டு மணிக்குப் போனால் எண் போட்ட ரேசர் இருக்கும். வலது கன்னத்துக்கு ஒன்று, இடது கன்னத்துக்கு ஒன்று. எது பழசு, எது புதுசு என்று சொல்ல மாட்டார்கள். அவர் பின்னால் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பார். ஆமாம், பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். பிளேடு முடியை வெட்டும் சத்தத்தை வைத்தே, "ஒன்பது, நீங்க ரொம்ப அழுத்தறீங்க" என்பார்.

அவருடைய முன்கைகளில் முடியே இருக்காது. திட்டுத் திட்டாகச் சிவந்திருக்கும். எங்கள் முகத்துக்கு வருவதற்கு முன்னால் ஒவ்வொரு தலையும் அந்தக் கைகளில் ஓடிப் பார்த்துவிட்டுத்தான் வரும். இதில் வேடிக்கை, அவர் கணவருக்கு நெஞ்சு வரை தாடி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தொழிற்சாலை வாசலில் மனைவியை இறக்கிவிட வரும்போது பார்த்திருக்கிறோம்.

எங்களில் வழுக்கை என்று ஒருவர் உண்டு. லேபிள் ஒட்டும் இயந்திரத்தில் வேலை. தலையில் ஒரு முடி கிடையாது, தாடி மட்டும் கம்பிக் கம்பியாக வளரும். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"ஊருக்கெல்லாம் ரேசர் பண்றீங்க, வீட்டுல காடு வளர்க்கறீங்களே அக்கா."

"கல்யாணமான புதுசுல அவர் மூஞ்சியிலதான் எல்லாத்தையும் சோதிச்சேன். ஒரு வருஷம் பொறுத்தார். அப்புறம் ஒரு நாள், என் மூஞ்சி உன் ஆபீஸ் இல்லன்னு சொல்லிட்டு விட்டுட்டார். இப்ப தொடவே விடறதில்ல."

சொல்லிவிட்டு அவரும் சிரிப்பார். ஆனால் சிரிப்பு அவர் முகத்தில் ரொம்ப நேரம் தங்காது. எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தவர் மாதிரி உடனே பதற்றம் வந்துவிடும். மேசை விளக்கை அணைத்தோமா என்று படியிறங்கிய பிறகு திரும்பி ஏறிப் போய்ப் பார்ப்பார். பூட்டு ரிப்பேர் செய்கிறவரின் மகள் அவர். படம் பிரதி எடுக்கும் வேலைக்குச் சேர்ந்து, அடுத்தவர் வரைந்த படங்களிலே தப்புக் கண்டுபிடித்துச் சொல்லிச் சொல்லி, தானே வரையும் இடத்துக்கு வந்தவர். பட்டம் வாங்கியவர்களுக்கு நடுவில் பட்டம் இல்லாமல் உட்கார்ந்திருப்பதால் வந்த பயமோ என்னவோ, ஒன்றுக்கு மூன்று முறை அளப்பார்.

அவர் கஷ்டம் என்ன என்று எனக்கு ஒரு முறை விளங்க வைத்தார்.

"ஜன்னல் கம்பியில குழந்தை கன்னத்தை வச்சு அழுத்தினா எப்படி இருக்கும்? கம்பி தள்ளித் தள்ளி இருந்தா சதை நல்லாப் பிதுங்கும். நெருக்கமா இருந்தா பிதுங்காது. ரெண்டு பிளேடுக்கு நடுவுல உங்க தோலும் அப்படித்தான் அண்ணா. பிதுங்கினா காயம்."

"அப்ப நெருக்கமா வச்சுட வேண்டியதுதானே மேடம்?"

"வச்சா முடி எங்க போகும்? நுரையோட சேர்ந்து நடுவுல அடைச்சுக்கும். தண்ணியில ஆட்டுவீங்க, போகாது. பேசின் விளிம்புல தட்டுவீங்க. தட்டினா பிளேடு போச்சு. தோலுக்குக் குறுகலா வேணும், முடிக்கு அகலமா வேணும். ரெண்டும் ஒரே வீட்டுல குடித்தனம் பண்ணணும்."

"மாமியார் மருமகள்னு சொல்லுங்க" என்றார் வழுக்கை, முகம் நிறைய நுரையோடு.

அதற்கு இரண்டு வருடம் உழைத்து ஒரு வழி கண்டிருந்தார். நான்கு பிளேடுகள், நடுவில் நெருக்கமான இடைவெளி. ஆனால் தலையின் முதுகுப் பக்கம் முழுக்கத் திறப்பு. முன்னால் புகுந்த முடியைத் தண்ணீர் பின்னால் தள்ளிக்கொண்டு போய்விடும். கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பிளேடுகளுக்கு நடுவே மூன்று வெள்ளைக் கீற்று தெரியும். அந்தக் கீற்றைப் பார்க்கிறபோது மட்டும் அவர் முகம் தெளியும்.

இதற்கு முன்னால் வேறொருவர் வடிவமைத்த தலை ஒன்று கடைக்குப் போய், அடைத்துக்கொள்கிறது என்று பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. வடிவமைத்தவர் வேலையை விட்டுப் போனார். இரண்டாவது பேக்கிங் ஹாலை மூடினார்கள். நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஹாலின் கதவில் இன்றைக்கும் பூட்டுத் தொங்குகிறது. தினமும் அதைத் தாண்டித்தான் நான் வண்டி தள்ளுகிறேன். ஆகையால் இந்த முறை மேலாளர் இழையக்காவிடம் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார்: அடைக்காது என்று நிரூபித்தால் அச்சு வெட்டுவோம், இல்லையென்றால் உங்கள் படத்தை மடித்து வையுங்கள். அச்சு என்பது தலையை வார்க்கிற இரும்பு. ஒரு தரம் வெட்டினால் வெட்டியதுதான். அதற்கப்புறம் ஒரு இழை கூட்டவோ குறைக்கவோ முடியாது.

அடைப்புச் சோதனைக்கு மூன்று நாள் தாடி வேண்டும். ஒரு நாள் முடி குட்டை, எந்த இடைவெளியிலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். மூன்று நாள் முடிதான் சிக்கும். முரட்டுத் தாடிக்காரர்கள் என்று நான்கு பேரைப் பொறுக்கினார்: நான், வழுக்கை, வாசல் காவலாளி, கணக்குப் பிரிவில் ஒருவர். வெள்ளிக்கிழமை காலை மழித்துக்கொண்டு, அதற்குப் பிறகு திங்கள் காலை வரை முகத்தில் பிளேடு படக்கூடாது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கினார்.

இங்கேதான் என் தவறு. எனக்கு ஞாயிறு காலையில் பிரார்த்தனைக்குப் போகிற வழக்கம் உண்டு. இருபத்தைந்து வருடமாக முகம் மழிக்காமல் கடவுள் முன்னால் நான் நின்றதில்லை. யாரும் சொல்லி வந்ததில்லை, நானாக வைத்துக்கொண்டது. அந்த ஞாயிறு கண்ணாடியைப் பார்த்தேன். நரைத்த முள்ளாக இரண்டு நாள் தாடி. இந்த முகத்தோடு போய் நிற்பதா என்று மனசு கூசியது. ஒரு நாள் முன்னே பின்னே ஆனால் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்து, காலை ஆறு மணிக்கு மழித்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டது நினைவில் இல்லாமல் இல்லை. இருந்தது. இருந்தும் செய்தேன்.

திங்கட்கிழமை மூன்று இழுப்புக்கு ஒரு முறை கிண்ணத்துத் தண்ணீரில் அலசினோம். என் தலை பளிச்சென்று வந்தது. வழுக்கைக்கும் கணக்கருக்கும் அப்படியே. காவலாளிக்கு மட்டும் ஓரத்தில் கொஞ்சம் அடைத்தது.

"நாள் பூரா கேட்டைத் திறந்து மூடற கை. தண்ணிக்குள்ள ஆட்டத் தெரியல உமக்கு" என்று வழுக்கை கிண்டல் செய்தார். காவலாளி வெட்கப்பட்டார். இழையக்காவும் அவர் கையைத்தான் குறை சொன்னார்.

எங்களை அனுப்புவதற்கு முன்னால் அவர் என் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "உங்க தாடியிலயே அடைக்கலன்னா வேற எவன் தாடியிலயும் அடைக்காது அண்ணா. வியாழக்கிழமை கையெழுத்தாகுது. இது உங்க மூஞ்சியாலதான் நின்னுது" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேயிருந்தேன். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

திங்கள் போனது. செவ்வாய் வண்டி தள்ளும்போது பூட்டின ஹாலைப் பார்க்காமல் போக முயன்றேன். முடியவில்லை. அச்சு வெட்டி, லட்சம் லட்சமாகத் தலை செய்து, மூன்று நாள் தாடியோடு யாரோ ஒருத்தன் எங்கேயோ ஒரு வாஷ்பேசினில் அதைத் தட்டிக்கொண்டு நிற்பான். பெட்டிகள் திரும்பி வரும். அந்தப் பெண்ணை நிற்க வைத்துக் கேட்பார்கள். பதினேழாம் எண் துண்டை யாரும் கேட்க மாட்டார்கள். பிரார்த்தனை செய்ய உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. எதைச் சொல்லி ஆரம்பித்தாலும் அந்த ரேசர்தான் முன்னால் வந்து நின்றது.

புதன் கிழமை சாப்பாட்டுத் தட்டை நான் அப்படியே தள்ளி வைத்ததைப் பார்த்து என் மனைவி விடவில்லை. சொன்னேன்.

"சாமிக்காக மழிச்சீங்க, சரி" என்றாள். "அந்தப் பொண்ணு எதுக்காகக் கஷ்டப்படணும்?"

"சொன்னா வேலை போயிடுமோன்னு இருக்கு."

"போனா போகட்டும்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கும் பயந்தான். ஆனா சொல்லாம எத்தனை நாளைக்குச் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பீங்க?"

வியாழன் பதினோரு மணிக்குக் கூட்டம். எட்டரைக்கே மாடிப்படிக்குக் கீழே வண்டியோடு நின்றேன். அவர் வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. பத்துக்கும் வரவில்லை. ஒருவேளை கூட்டம் நேற்றே முடிந்துவிட்டதோ, அச்சுக்கு எழுதிப் போட்டுவிட்டார்களோ என்று இரண்டு முறை மேலே போய் அவர் நாற்காலியைப் பார்த்துவிட்டு வந்தேன். பத்தே முக்காலுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். கணவரின் வேன் வழியில் பஞ்சராம்.

"மேடம், ஒரு நிமிஷம்."

"கூட்டம் முடிஞ்சு பேசலாமா அண்ணா? ஏற்கெனவே நேரமாயிடுச்சு."

"முடிஞ்சப்புறம் பேசிப் பிரயோஜனமில்லம்மா."

படியில் ஒரு காலும் கீழே ஒரு காலுமாக நின்றார்.

"ஞாயித்துக்கிழமை நான் ஷேவ் பண்ணிட்டேன்."

"எந்த ஞாயிறு?"

"போன ஞாயிறு. சோதனைக்கு முந்தின நாள். காலையில ஆறு மணிக்கு."

கையிலிருந்த ஃபைலைப் படியில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். விரல் விட்டு எண்ணினார். "இருபத்தாறு மணி நேரம்" என்றார். "அரை மில்லிமீட்டர்கூட வந்திருக்காது."

"பிரார்த்தனைக்குப் போகணும்னு..."

"காரணம் அப்புறம் சொல்லுங்க அண்ணா. இப்ப வேண்டாம்." கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் போடுகிறவர் நடுவில் பேசாதே என்பது போலச் சொன்னார். பிறகு எழுந்து கூட்ட அறைக்குப் போகாமல் தன் மேசைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

திங்கட்கிழமைத் தலைகளைச் சின்னச் சின்ன உறையில் போட்டு எண் எழுதி வைத்திருந்தார். பதினேழைப் பிரித்து, அதில் ஒட்டியிருந்த முடித் துணுக்கைக் கண்ணாடிச் சில்லில் தட்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். "குட்டை" என்றார். வழுக்கையின் உறையைப் பிரித்தார். கொஞ்ச நேரம் கண்ணை எடுக்கவேயில்லை. "இதுவும் குட்டை." கணக்கருடையதைப் பார்த்துவிட்டு அந்த இரண்டு உறையோடு சேர்த்து வைத்தார். கடைசியாகக் காவலாளியுடையது. "இது ஒண்ணுதான் மூணு நாள் முடி" என்றார். அடைத்ததும் அது ஒன்றுதான்.

நான் மட்டுந்தான் பாவி என்று மூன்று நாள் கிடந்தேன். நாலு பேரில் மூன்று பேர் அதே வேலையைச் செய்திருக்கிறோம். நேர்மையாக இருந்த ஒருத்தரைக் கை சரியில்லை என்று கேலி செய்திருக்கிறோம்.

"எப்பவும் அளப்பேன்" என்றார் அவர், மைக்ரோஸ்கோப்பைப் பார்த்தபடியே. "ஒவ்வொரு தடவையும் முடியோட நீளத்தை அளந்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். இந்தத் தடவை அளக்கல. சுத்தமா வந்ததைப் பார்த்ததும் போதும்னு தோணிடுச்சு."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐந்து. ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கூட்ட அறைக் கதவுக்கு வெளியே வண்டியைப் பிடித்தபடி நின்றேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

"பாஸ்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?" இது மேலாளர்.

"நான்தான் சார்."

"இப்ப இல்லைங்கறீங்க."

"சோதனை செல்லாது சார். அது மூணு நாள் முடி இல்ல."

"யார் பண்ணின வேலை இது?"

"அளந்து பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும். அளக்காம போட்டுட்டேன்."

"நான் அதைக் கேக்கல. யாருன்னு கேக்கறேன்."

"அதான் சார் சொல்றேன். நான்தான்."

பிறகு இழையக்காவின் குரல், "திங்கட்கிழமை வரைக்கும் டைம் குடுங்க."

அன்று மாலையே எங்கள் நாலு பேரையும் உட்கார வைத்தார். திட்டவில்லை. என்னிடம் படியில் கேட்காமல் விட்ட காரணத்தையும் அப்போது கேட்டார். சொன்னேன். கணக்கர், அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனதாகச் சொன்னார். வழுக்கை தலையைச் சொறிந்தார். "என் பொண்ணைப் பார்க்க வந்தாங்க அக்கா. அந்தத் தாடியோட போய் நின்னிருந்தா, பொண்ணை விட்டுட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க." யாருக்கும் சிரிப்பு வரவில்லை. இழையக்கா மட்டும் லேசாகச் சிரித்தார். "நாளைக்கு வெள்ளி. காலையில மழிங்க. அப்புறம் திங்கள் வரைக்கும் கண்ணாடி பக்கமே போகாதீங்க" என்றார்.

அந்த ஞாயிறு தாடியோடுதான் பிரார்த்தனைக்குப் போனேன். உடம்பு சரியில்லையா என்று மூன்று பேர் கேட்டார்கள். தாடியோடு நின்று, தாடிக்காகவே வேண்டிக்கொண்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அடைக்கக் கூடாது, அடைக்கக் கூடாது என்று அதையேதான் கேட்டேன். என் தப்பு தப்பாக இல்லாமல் போகட்டும் என்பதுதான் அதன் அர்த்தம் என்று எழுந்து வரும்போது எனக்கே தெரிந்தது.

திங்கள் காலை சோதனை அறையில் நாலு பேரும் வரிசையாக நின்றோம். முதல் மூன்று இழுப்பு, அலசினேன், போனது. அடுத்த மூன்று. அலசினேன். ஆட்டினேன். இன்னும் கொஞ்சம் ஆட்டினேன். எனக்குப் பின்னால் நின்றவர், "போதும் அண்ணா, குடுங்க" என்று வாங்கி விளக்குக்கு எதிரே பிடித்தார். வெள்ளைக் கீற்று ஒன்றுகூடத் தெரியவில்லை. முழுக்கக் கறுப்பு.

"அடைச்சுக்கிச்சு" என்றார். எல்லோரும் கேட்கும்படி தெளிவாகச் சொல்லி, தாளில் எழுதி, நீளம் அளந்து, கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் அவரை அந்த மேசையிலிருந்து கிளப்ப முடியவில்லை. கடைசி இரண்டு பிளேடுக்கு நடுவில் மட்டும் இரண்டு இழை கூட்டினார், முதுகுப் பக்கக் கம்பியைச் சாய்த்துப் பார்த்தார். அடைப்புக் குறைந்தது, என் கழுத்தில் வெட்டு விழுந்தது. வெட்டைச் சரி செய்தார், மறுபடி அடைத்தது. முன்கையில் மழிக்க இடமில்லாமல் முழங்காலுக்கு வந்திருக்கிறேன் என்று ஒரு நாள் சொன்னார். அவருக்குப் பிடிபடத்தான் செய்தது என்று நான் நினைக்கிறேன். இன்னும் ஒரு மாதம் கிடைத்திருந்தால் முடித்திருப்பார். ஆனால் மேலாளர் பொறுக்கவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து ஏற்கெனவே வரைந்து முடித்த படம் ஒன்று வந்தது. அதற்கு அச்சு வெட்டினார்கள். இவருக்கு அடுத்தவர் படங்களைப் பிரதி எடுத்துச் சரிபார்க்கிற வேலை. எங்கே தொடங்கினாரோ அங்கேயே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

எங்கள் ஹால் மூடவில்லை. தலைமை அலுவலகத் தலை கடையில் சுமாராக ஓடுகிறது. எனக்கு வேலையும் போகவில்லை. யார் செய்தது என்று மேலாளருக்குக் கடைசிவரை தெரியாது. அது எனக்கு நிம்மதியாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. மேலாளரிடம் போய் நானே சொல்லிவிடட்டுமா என்று இழையக்காவிடம் ஒரு முறை கேட்டேன். "வேண்டாம். நீங்க சொன்னா உங்க மூணு பேர் வேலையும் போகும், என் படம் திரும்பி வராது" என்று சொல்லிவிட்டார்.

நான்கு மாதம் கழித்து அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளிகள் உடம்பில் முடி எடுக்கிற கருவி செய்யும் இடம். கணவர் வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு முதலிலேயே போய்விட்டார். இவர் கணக்கு முடித்துக்கொண்டு மறுநாள் பஸ்ஸில் கிளம்பினார். மைக்ரோஸ்கோப் அவருடைய சொந்தச் சாமானாம், அதை யாரிடமும் கொடுக்க மனசு வரவில்லை. அட்டைப் பெட்டியில் வைத்து நான்தான் பஸ் நிலையத்துக்குத் தூக்கிப் போனேன். ஜன்னலோர இருக்கையில் அவர் உட்கார, பெட்டியை மடியில் வைத்துவிட்டு நின்றேன்.

"என்னாலதானேம்மா உங்களுக்கு இப்படி ஆச்சு" என்றேன்.

அவர் பெட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே சரியாக இருக்கிறதா என்று பார்த்து மூடினார். மறுபடி திறந்து பார்த்தார்.

"நீங்க வந்து சொல்லியிருக்கலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது அண்ணா. அன்னிக்கு நான் அளந்திருக்க மாட்டேன். அதை நினைச்சாத்தான் இப்பவும் பயமா இருக்கு. சரி, டிரைவர் ஏறிட்டார், இறங்குங்க."